சிறகு நனையக் கூடாது

மர்லேனி செத்துப்போன அன்று அவள் வீட்டில் ஒருவர்கூட அழவில்லை. அழக் கூடாது. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்காத பிள்ளை செத்தால் நேரே சம்மனசாக, தேவதூதனாக ஆகிவிடும். அதற்காக யாராவது கண்ணீர் விட்டால் சிறகு நனைந்து கனத்துப்போய், பறக்க முடியாமல் பாதி வழியில் நின்றுவிடும். அந்தக் கழிமுகத்து ஊரில் நடை பழகுகிற குழந்தைக்குக்கூட இது தெரியும். அதனால் மத்தியானமே மேளம் வந்து இறங்கியது. கரும்புச் சாராயம் வந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிய மீன்குழம்பு பெரிய பானையில் கொதித்தது. தோணிகளைக் கரையில் கட்டிவிட்டு ஏறி வந்த ஒவ்வொருவரும் தாய்க்காரி பெனில்தாவின் கையைப் பிடித்து, கொடுத்துவைத்தவள் நீ, மோட்சத்தில் உனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். பெனில்தா எல்லாருக்கும் தலையை ஆட்டினாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரே பிள்ளை.

சிறகு செய்யும் வேலை நீமியாவுக்கு வந்தது. செத்த பிள்ளையின் கூட்டாளிதான் சிறகு செய்து கட்ட வேண்டும், அதுதான் முறை. மர்லேனிக்கு நீமியாவை விட்டால் வேறு கூட்டாளி யார் இருக்கிறார்கள்? இரண்டு பேருக்கும் ஒன்பது வயது. ஒரே மழைக்காலத்தில் பிறந்து, ஒரே தோணியில் துடுப்புப் பிடிக்கப் பழகி, ஒருத்திக்கு அடி விழுந்தால் இன்னொருத்தியும் சேர்ந்து அழுகிற ஜோடி. ஒருத்தியைத் தேடினால் இன்னொருத்தி வீட்டில் போய்ப் பார் என்பார்கள்.

மூங்கில் குச்சியை வளைத்து, வெள்ளைக் காகிதத்தை மரவள்ளிமாவுப் பசையால் ஒட்டி, நீமியா இரண்டு சிறகு செய்துவிட்டாள். செய்கிறவரைக்கும் கை ஒழுங்காகத்தான் இருந்தது. கட்டப் போனபோதுதான் மர்லேனியின் விரல்களைப் பார்த்தாள். நன்றாகக் குளிப்பாட்டி, வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் பூ முடி வைத்திருந்தார்கள். ஆனால் நகக்கண்ணில் சேறு போகவில்லை. பத்து விரலிலும் கறுப்பாக அப்படியே இருந்தது. பாவம், வெறும் கையால்தான் தோண்டியிருக்கிறாள்.

சிப்பி பொறுக்கப் போன இடத்தில் கால் புதைந்து, ஏறுதண்ணீரில் மாட்டிக்கொண்டாள் என்று ஊரே சொன்னது. ஆனால் அவளை எடுத்தது கோயிலுக்கு அடியிலிருந்து. அங்கே என்றைக்கு யார் சிப்பி பொறுக்கினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் எதைத் தேடிப் போனாள் என்று தெரிந்த ஒரே ஆள் நீமியா.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற, கட்டு" என்றாள் பஸ்தோரா. மர்லேனிக்கு ஞானத்தாய் அவள். ஊரில் எந்தச் சாவுக்கும் பாட்டெடுத்துக் கொடுக்கிறவளும் அவள்தான். அவள் சொன்னால் சொன்னதுதான். நீமியா கட்டினாள். முடிச்சு நிற்காமல் இரண்டு தடவை அவிழ்ந்தது.

அந்தக் கோயில் மாதாவுக்கு இரண்டு பொன் கம்மல்கள் இருந்தன. ஆற்றின் மேல்பக்கத்தில் மணல் அரித்துப் பொன் எடுத்த காலத்தில் யாரோ நேர்ந்துகொண்டு போட்டது. வருஷா வருஷம் ஆகஸ்ட் திருநாள் முடிந்ததும் சுரூபத்தின் அங்கியையும் நகைகளையும் கழற்றி மழைத்தண்ணீரில் கழுவி வைப்பார்கள். அதைப் பெரியவர்கள் தொடக் கூடாது. பாவம் அறியாத கைதான் தொடலாம், அதாவது புதுநன்மை வாங்காத சிறுமிகள். போன வருஷம் அந்த வேலை நீமியாவுக்கும் மர்லேனிக்கும் கிடைத்தது. இரண்டு பேரும் தரையில் கால் பாவாமல் திரிந்தார்கள்.

கம்மலைப் போட்டுப் பார்க்கலாம் என்றது நீமியாதான். வேண்டாம்டி, மாதா பார்க்கிறாள் என்று மர்லேனி சொல்லத்தான் செய்தாள். இவள் கேட்டால்தானே! ஒன்றை எடுத்துக் காதில் மாட்டி, தண்ணீர்த் தொட்டியில் முகம் பார்த்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கம்மல் நழுவித் தரைப்பலகையில் விழுந்து, ஒரு குதி குதித்து, இடுக்கு வழியாக உள்ளே போய்விட்டது. கோயில் நிற்பது மரக்கால்களின் மேல். அடியில் அப்போது ஏறுதண்ணீர். சத்தம்கூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் பஸ்தோரா நகைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கழற்றும்போது கம்மல் இரண்டும் இருந்ததா என்று கேட்டாள். இரண்டும் இருந்தது, துடைத்துப் பெட்டியில் வைத்து அகபீத்தோ மாமாவிடம் கொடுத்தோம் என்று நீமியா சொன்னாள். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. பஸ்தோரா மர்லேனியைப் பார்த்தாள். மர்லேனி தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம் அறியாத பிள்ளைகளாயிற்றே, அதுகள் பொய் சொல்லுமா? அப்படியானால் யார் எடுத்தது? கோயில் சாவி அகபீத்தோவிடம். வலது கால் விந்தி விந்தி நடக்கிற மனிதர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. செத்தவர்களுக்கு நவநாள் செபம் சொல்லுகிறவர் ஊரில் அவர் ஒருவர்தான். லத்தீனில் பாதி, ஸ்பானிய மொழியில் பாதியாக அத்தனையும் மனப்பாடம். அவரை யாரும் அடிக்கவுமில்லை, முகத்துக்கு நேரே திருடன் என்று சொல்லவுமில்லை. அவர் வணக்கம் சொன்னால் பதில் சொல்லவில்லை. அவர் வந்து உட்கார்ந்தால் எழுந்து போனார்கள். சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். ஒரு விடியற்காலையில் அவர் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாழைக்குலை ஏற்றுகிற படகில் துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

படகு வளைவு திரும்புகிறவரைக்கும் இரண்டு சிறுமிகளும் கரையில் நின்று பார்த்தார்கள்.

"சொல்லிருவோம்டி நீமி" என்றாள் மர்லேனி.

"சொன்னா தோலை உரிச்சிருவாங்க. சும்மா இரு. எல்லாம் மறந்துருவாங்க."

ஊர் மறந்தது, உண்மைதான். நீமியாவும் பெரும்பாலும் மறந்தாள். முதலில் சில நாள் இரண்டு பேருமாகக் கோயிலுக்கு அடியில் போய்ச் சேற்றைக் கிளறினார்கள். பிறகு நீமியாவுக்கு அலுத்துவிட்டது. மர்லேனி மட்டும் விடவில்லை. இறங்குதண்ணீர் வரும்போதெல்லாம் போவாள். முழங்கால்வரை சேறோடு வந்து நிற்பாள். எங்கேடி போனாய் என்று பெனில்தா கேட்டால் வழியில் பொறுக்கிய நாலு சிப்பியைக் காட்டுவாள். இப்படி ஒரு வருஷம் போயிற்று.

திருநாள் மறுபடி நெருங்கியது. சாமியார் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மோட்டார் படகில் வருவார். இந்தத் தடவை இரண்டு பேருக்கும் புதுநன்மை. அதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். மறைத்து நன்மை வாங்கினால் அது வேறு பெரிய பாவம் என்று ஞானோபதேசத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து மர்லேனி சரியாகச் சாப்பிடவில்லை. சாமியாரிடம் சொல்லப் போகிறேன் என்றாள். நீமியா அவள் வாயைப் பொத்தினாள். சாமியார் வெளியே சொல்லமாட்டார் என்று மர்லேனி எத்தனை சொல்லியும் அவள் நம்பவில்லை. கெஞ்சினாள், திட்டினாள், பேசமாட்டேன் என்று மிரட்டினாள். கடைசியில் ஒன்று செய்தாள்.

"உங்கம்மா மேல சத்தியம் பண்ணு, சொல்லமாட்டேன்னு. சொன்னா உங்கம்மா செத்துப்போயிரணும்."

மர்லேனி அழுதுகொண்டே சத்தியம் செய்தாள். மூக்கைத் துடைத்துவிட்டு, "அப்போ கம்மல் கெடைச்சாத்தான் உண்டு" என்றாள். "கெடைச்சா யார்கிட்டயும் சொல்லாம மாதா காதுல போட்டுறலாம். அகபீத்தோ மாமாவும் வந்துருவாரு."

அமாவாசையை ஒட்டிய நாட்களில் தண்ணீர் வெகுதூரம் வற்றும். மற்ற நாளில் தெரியாத சேறெல்லாம் வெளியே வரும். ஆனால் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு வேகமாகத் திரும்பி வரும். பெரியவர்களே அன்றைக்குச் சேற்றில் இறங்கமாட்டார்கள். காலையில் மர்லேனி வந்து வாசலில் நின்று, "இன்னிக்கு நல்லா வத்தியிருக்குடி, வர்றியா?" என்று கேட்டாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீமியா சொல்லிவிட்டாள். தம்பி அம்மாவோடு வாழைத்தோட்டத்துக்குப் போயிருந்தான். மர்லேனிக்கும் அது தெரியும். தனியாகப் போனாள்.

மத்தியானத்துக்கு முன்னால் கோயிலின் பின்பக்கத்து மரக்காலில் அவள் கவுன் மாட்டியிருப்பதைப் பார்த்தார்கள்.

இப்போது மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நின்று பாடினார்கள். சம்மனசை வழியனுப்புகிற விளையாட்டு அது. பெரியவர்கள் அடியில் தாங்கிக்கொள்ள, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மர்லேனியின் சின்னச் சவப்பெட்டி தோணிபோல் ஆடி ஆடிப் போகும், எல்லாரும் சிரிக்க வேண்டும். நீமியாவும் வட்டத்தில் நின்றாள். எத்தனையோ தடவை இப்படி நின்றிருக்கிறாள், போன வருஷம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு மர்லேனியும் அவளும்தான் எல்லாரையும்விட உரக்கப் பாடினார்கள். இன்று பெட்டி தன் கைக்கு வந்தபோது அதன் கனம் அவள் தோள்வரைக்கும் ஏறியது.

சம்மனசுக்கு நவநாள் கிடையாது. எதற்கு? அதுதான் நேரே போகிறதே. செபம் வேண்டியது பாவம் உள்ள ஆத்துமாவுக்கு. அதுதான் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகும், யாராவது நமக்காக வேண்டிக்கொள்ளமாட்டார்களா என்று காத்திருக்கும். மர்லேனி தலையை ஆட்டினாளே, அது பொய் இல்லையா? தெரிந்துதானே ஆட்டினாள்? பாவம் என்று தெரிந்துதானே ஒரு வருஷம் சேற்றைத் தோண்டினாள்? அப்படியானால் அவள் சம்மனசு இல்லை. இந்தக் காகிதச் சிறகை வைத்துக்கொண்டு எங்கே பறப்பாள்? நாளைக் காலையில் எல்லாரும் சிரித்துக்கொண்டே புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அவளுக்காக ஒரு அருள்நிறைந்த மந்திரம்கூட யாரும் சொல்லமாட்டார்கள். அவள் பாட்டுக்கு அங்கே காத்துக்கொண்டு கிடப்பாள்.

சொல்லிவிட்டால் செபம் கிடைக்கும். ஆனால் சொன்னால் தன் கதி என்ன? அதுகூடப் போகட்டும். பெனில்தாவுக்கு என்ன மிஞ்சும்? பிள்ளை போனாலும் சம்மனசாகப் போனாள் என்கிற அந்த ஒரு ஆறுதலும் போய்விடுமே. நீமியா திரும்பி பெனில்தாவைத் தேடினாள். நாற்காலியில் ஆள் இல்லை.

சமையல்கட்டில் இருந்தாள். விறகு ஈரம், அடுப்பு ஒரே புகை. பானையில் கிளற ஒன்றும் இல்லை. பெனில்தா அந்தப் புகைக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புகையில் கண் கலங்கினால் யாரும் குற்றம் சொல்ல முடியாது அல்லவா? அதற்குள் பஸ்தோரா பின்னாலேயே வந்துவிட்டாள். எத்தனை சாவு பார்த்தவள், அவளுக்கா தெரியாது. "பெனில்தா, வெளிய வா. பிள்ளைக்கு ஆகாது" என்று தோளைப் பிடித்து இழுத்தாள். பெனில்தா பாவாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி சரி என்றாள். அந்தச் சரியைக் கேட்டதும் நீமியாவால் தாங்க முடியவில்லை.

"அத்தை."

"என்னம்மா?"

"அவளுக்குச் சிறகு வேணாம் அத்தை. அவ சம்மனசு இல்ல."

பெனில்தா புரியாமல் பார்த்தாள். நீமியா சொல்ல ஆரம்பித்தாள். கம்மலைத் தான் காதில் போட்டது, அது விழுந்தது, தான் பொய் சொன்னது, மர்லேனி தலையாட்டியது, அகபீத்தோ போனது, சத்தியம் வாங்கியது, இன்று காலையில் வரமாட்டேன் என்றது. முன்னும் பின்னுமாக, மூச்சு விடாமல், ஒன்றையும் மறைக்காமல் கொட்டிவிட்டாள். "அவ தேடிக்கிட்டே இருந்தா அத்தை. நான்தான் சொல்லவிடல. அவளுக்குச் செபம் பண்ணுங்க. பண்ணலைன்னா அவ அங்கயே கெடப்பா."

கூடத்தில் மேளம் நிற்கவில்லை. பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பஸ்தோரா நிலைக்காலில் கையை வைத்தபடி நின்றுவிட்டாள். அன்று நகைப்பெட்டியைத் திறந்து பார்த்தவள் அவள்தானே, கேட்ட கேள்வியும் அவளுடையதுதானே. பெனில்தா நீமியாவைப் பார்க்கவில்லை. பஸ்தோராவைத்தான் பார்த்தாள். குரல் மெதுவாக வந்தது.

"அப்போ நான் அழலாம்ல?"

பஸ்தோரா திரும்பினாள். கூடத்துக்குள் போனாள். மேளத்தின் தோல்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பாட்டு அங்கங்கே தேய்ந்து நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியின் மேல் குனிந்து, மர்லேனியின் முதுகுக்கு அடியில் கையை விட்டு முடிச்சை அவிழ்த்து, இரண்டு சிறகையும் எடுத்தாள். பூ முடியையும் எடுத்தாள். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "அழு பெனில்தா" என்றாள்.

அந்த ஊரில் அப்படி ஒரு அழுகையை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பெனில்தா பெட்டியைக் கட்டிக்கொண்டு, பிள்ளையின் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, அந்த நகக்கண்ணெல்லாம் முத்தம் கொடுத்துக்கொண்டு அழுதாள். நாள் முழுக்க அடக்கிவைத்தது அத்தனையும் வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் சாவுக்குப் பாடுகிற பாட்டை, மேளம் இல்லாமல், பஸ்தோரா தொடங்கினாள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீமியாவை அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் துடுப்புக் காம்பால் வெளுத்தாள். அடித்துவிட்டு அவளும் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் புதைத்துவிட்டு வந்ததும் பஸ்தோராவே தோணி பிடித்துத் துறைமுகத்துக்குப் போனாள். நவநாளுக்கு ஆள் வேண்டுமே. அகபீத்தோ வருவாரா என்று எல்லாருக்கும் சந்தேகம்தான், வர என்ன தலையெழுத்து அவருக்கு? ஆனால் வந்தார். இளைத்துப்போயிருந்தார். தகரப்பெட்டியைக் கொண்டுவரவில்லை. கரையில் ஊரே நின்றது. நீமியாதான் முன்னால் போய், "நான்தான் மாமா பொய் சொன்னேன்" என்றாள். அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். அவளைத் தாண்டி, விந்தி விந்தி மர்லேனி வீட்டுப் படியில் ஏறினார்.

ஒன்பது சாயங்காலமும் அவர் ஒரு வார்த்தை விடாமல் செபம் சொன்னார். மர்லேனியின் பெயர் வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தி, தன் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். கடைசி நாள், வீட்டில் கட்டியிருந்த பலிபீடத்துத் துணியை அவிழ்த்து, ஆத்துமா போகக் கதவைத் திறந்துவிட்டு, போய் வாம்மா என்றார். சாவியை அவரிடமே நீட்டினார்கள். வாங்கவில்லை. அடுத்த படகில் போய்விட்டார். நீமியாவிடம் அவர் கடைசிவரை பேசவே இல்லை. கம்மலும் கிடைக்கவில்லை. மாதா இன்றைக்கும் ஒற்றைக் கம்மலோடுதான் நிற்கிறாள்.

அந்தத் திருநாளில் நீமியாவுக்குப் புதுநன்மை கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். அதனால் முறைப்படி பார்த்தால் அவள் இன்னும் சிறுபிள்ளைதான்.

மழை பிடித்த பிறகு மீன்காரர் வீட்டில் ஒரு குழந்தை காய்ச்சலில் போனது. மறுபடி மேளம், மறுபடி காகிதச் சிறகு. பிள்ளைகள் வட்டம் கட்டினார்கள். பழக்கத்தில் நீமியாவும் போய்க் கையை நீட்டினாள். பக்கத்தில் நின்றது அந்தக் குழந்தையின் அக்கா, ஆறு வயதுகூட இருக்காது. கெட்ட எண்ணமெல்லாம் ஒன்றும் இல்லை, இறந்த தம்பிமேல் உள்ள அக்கறையில்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"நீ வேணாம் நீமி. நீ அழுதுருவ. அவன் சிறகு நனைஞ்சிரும்."

வட்டம் அவள் இல்லாமலே மூடிக்கொண்டது. பாட்டும் தொடங்கிவிட்டது. நீமியா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு சுவரோரம் பெண்கள் உட்கார்ந்திருந்த பலகைப் பக்கம் போனாள். கடைசி ஓரத்தில் பெனில்தா இருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பாவாடையை இழுத்து மடித்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.